வேட்டை வில்லில் ரெஸ்ட் எழுப்பும் சத்தம்: எங்கிருந்து வருகிறது, எப்படிக் குறைப்பது?

அதிகாலை. காற்றே இல்லை. முப்பது மீட்டர் தள்ளி ஒரு மான் தலையைக் குனிந்து மேய்கிறது. வில்லைத் தூக்கி நாணை மெல்ல இழுக்கிறீர்கள். பாதி இழுக்கும்போதே ‘ஸ்ர்ர்ர்’ என்று ஒரு கீறல். இழுவை சட்டென்று லேசாகிற இடத்தில் கை கொஞ்சம் உதறிவிட, அம்பு நழுவி உலோகத்தின் மேல் ‘டிக்’ என்று விழுகிறது. மானின் காது இரண்டும் உங்கள் பக்கம் திரும்பியாயிற்று. நீங்கள் இன்னும் அம்பை விடவே இல்லை.

வில்லின் சத்தம் என்றால் நம் எல்லோருக்கும் முதலில் நாணொலிதான் நினைவுக்கு வரும். அதற்குத் தமிழில் தனிச் சொல்லே இருக்கிறதே! நாணில் ரப்பர் மாட்டுவது, வில்லின் வளையும் கைகளான லிம்ப்பில் அதிர்வு தாங்கி ஒட்டுவது என்று அதற்குத்தான் எல்லோரும் செலவு செய்கிறார்கள். மேலே சொன்ன ‘ஸ்ர்ர்’, ‘டிக்’ இரண்டுக்கும் நாணோடு சம்பந்தம் இல்லை. இரண்டும் அம்பு உட்காரும் இடத்தில், ரெஸ்ட்டில் பிறக்கின்றன. இவற்றைச் சரிசெய்ய ஒரு துண்டு துணியும் ஒரு மணி நேரப் பொறுமையும் போதும். ஆனால் துணியை எங்கே ஒட்டுவது என்று தெரிந்திருக்க வேண்டும்.

ரெஸ்ட் என்பது எது?

அம்பின் பின்முனை நாணில் மாட்டியிருக்கும். முன்பக்கம் எதன் மேலாவது உட்கார வேண்டும் அல்லவா? அந்தத் தாங்கிதான் ரெஸ்ட். பழைய பாணி மரவில்லில் இதற்கென்று தனிப் பாகம் கிடையாது. கைப்பிடிக்கு மேலே வில்லைச் சற்று வெட்டி விட்டிருப்பார்கள். ஷெல்ஃப் என்று சொல்லப்படும் அந்தச் சின்ன மேடையில் அம்பு நேராக உட்காரும். இரு முனையிலும் சக்கரமும் அவற்றை இணைக்கும் கேபிள்களும் உள்ள காம்பவுண்ட் வில்லில் ரெஸ்ட் தனிப் பொருள்; வில்லின் நடுத்தண்டான ரைசரில் திருகால் மாட்டியிருக்கும். அதிலும் பல வகை. கவட்டை மாதிரி இரண்டு கம்பிகள் நீட்டிக்கொண்டிருப்பது ஒன்று. வட்டமாக அடர்ந்த தூரிகை முடிகளுக்கு நடுவே அம்பைப் பிடித்துக்கொள்வது இன்னொன்று. விஸ்கர் பிஸ்கட் என்ற பெயர் கேட்டிருப்பீர்கள், அது இந்த வகை. மூன்றாவது டிராப்-அவே. நாணை இழுக்கும்போது எழுந்து நின்று அம்பைத் தாங்கி, விட்டதும் கீழே விழுந்து அம்பின் இறகுகளுக்கு வழிவிடும். இன்று காம்பவுண்ட் வில்லோடு வேட்டைக்குப் போகிறவர்களிடம் அதிகம் பார்க்கக் கிடைப்பது கடைசி இரண்டும்தான்.

எந்த வகையானாலும் அம்பை நேரடியாகத் தாங்கும் முனைக்கு லாஞ்சர் என்று பெயர். இந்தச் சொல் அடிக்கடி வரும், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சின்னச் சத்தத்துக்கா இத்தனை பாடு?

ஆமாம். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். இருபது டிகிரி வெப்பத்தில் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகும். வேட்டை அம்பு ஒன்று வினாடிக்கு 80 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். காம்பவுண்ட் வில்லுக்கு அது நடுத்தரமான வேகம். முப்பது மீட்டர் தூரத்தில் இருக்கும் விலங்குக்கு ஒலி 0.09 வினாடியில் போய்ச் சேர்ந்துவிடும். அம்பு போக 0.38 வினாடி ஆகும். இடையில் 0.29 வினாடி அந்த விலங்கின் கையில் இருக்கிறது.

மான் திடுக்கிட்டால் முதலில் செய்வது ஓடுவது இல்லை. பாய்வதற்குத் தோதாகக் கால்களை மடக்கி உடலைத் தாழ்த்தும். கிடைத்த நேரத்தில் பாதி திடுக்கிடவே போய்விட்டது என்று வைத்தாலும், மிச்சப் பாதியில் உடல் தன் எடையிலேயே விழுந்தால் 10 செ.மீ. வரை கீழே இறங்கிவிடும். இருபது மீட்டரில் இதே கணக்கு 4 செ.மீ. சொச்சம்தான் வருகிறது. பத்து மீட்டர் கூடியதற்கு இறக்கம் இரண்டு மடங்குக்கும் மேல். நெஞ்சைக் குறிவைத்த அம்பு முதுகுக்கு மேலே போகலாம். அதைவிட மோசம், உயிர் போகாத இடத்தில் பட்டு, விலங்கு காயத்தோடு ஓடிப் போவது. வேட்டைக்கு அனுமதி உள்ள இடத்தில், முறையோடு வேட்டையாடுகிற யாரும் அதைத் தன்னால் நேரவிடக் கூடாது. சத்தத்தைப் பற்றி நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பது அதனால்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அம்பை விடும் நொடியில் நாணும் லிம்ப்பும் போடும் சத்தத்தில் ரெஸ்ட்டின் பங்கு சிறியது. விடுவதற்கு முன்னால் கேட்கும் சத்தமோ பெரும்பாலும் ரெஸ்ட்டுடையது. அந்த நேரத்தில் வேறு எந்தச் சத்தமும் அதை மறைப்பதில்லை. ஏற்கெனவே காதை விறைத்து நிற்கிற விலங்கு, நாணொலிக்குச் சும்மா மேய்கிற விலங்கைவிட வேகமாகத் துள்ளும். ஆகவே நேரமும் பொறுமையும் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால், அம்பை விடுவதற்கு முந்தைய சத்தங்களை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

சத்தம் எப்போது வருகிறது?

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் கம்பளி போல அழுத்திச் செய்த ஃபெல்ட் துணியை வாங்கிக் கண்ட இடத்திலெல்லாம் ஒட்டிவிடுகிறார்கள். அப்புறமும் சத்தம் அப்படியே இருக்கும். முதலில் காதைக் கொடுங்கள். நாணை இழுக்கும்போது கேட்கிறதா, இழுத்து முடிக்கும்போதா, விட்ட பிறகா, இல்லை வில்லைச் சும்மா தூக்கி நடக்கும்போதே கிலுகிலுக்கிறதா? எப்போது என்று தெரிந்துவிட்டால் எங்கே என்று தானாகத் தெரியும். இழுக்கும்போது நீளமாகக் கேட்டால் அம்புத்தண்டு லாஞ்சரில் உரசுகிறது. ஒற்றையாக ‘டிக்’ என்றால் அம்பு நழுவி விழுந்திருக்கிறது. விட்டதும் ‘டக்’ என்றால் டிராப்-அவே லாஞ்சர் கீழே போய் மோதுகிறது. விட்ட பின் ‘ங்ங்’ என்று கொஞ்ச நேரம் ரீங்கரித்தால் ஏதோ ஒரு திருகு தளர்ந்திருக்கிறது.

இதை நம் காதால் மட்டும் கேட்டு முடிவு செய்யக் கூடாது. பயிற்சித் திடலுக்கு ஒரு தம்பி புது வில்லோடு வந்திருந்தார். கவட்டைக் கம்பி ரெஸ்ட், உறை எதுவும் இல்லாத வெறும் எஃகு. அவர் இழுக்கும் சத்தம் நான்கைந்து அடி தள்ளி நின்ற எனக்கே தெளிவாகக் கேட்டது. சொன்னேன். “எனக்கு ஒண்ணும் கேக்கலயேண்ணே” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. நாணை இழுக்கும்போது மூச்சை அடக்குகிறோம், தோளில் பாரம், கண் குறியில். காது அந்த நேரம் வேலை செய்வதே இல்லை. அவருடைய கைபேசியை வாங்கி, அவர் முழங்கை உயரத்தில் ஒரு ஸ்டூலில் வைத்து, ஒலியைப் பதிவு செய்து போட்டுக் காட்டினேன். தகரத்தில் ஆணியை வைத்து இழுத்தது போல இருந்தது. “இவ்வளவு சத்தமாண்ணே!” என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, அன்றே லாஞ்சரைக் கழற்றினார்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். அமைதியான இடம், அம்பு எப்போதும் இலக்கை நோக்கியே இருக்கட்டும், கைபேசி உங்களுக்குப் பக்கவாட்டில். பத்துத் தடவை மெதுவாக இழுத்து, விடாமல் மெதுவாகத் தளர்த்துங்கள். அம்பில்லாமல் மட்டும் முழுதாக இழுத்து விட்டுவிடாதீர்கள். அம்புக்குப் போக வேண்டிய சக்தி எல்லாம் வில்லுக்கே திரும்பி லிம்ப்பையும் நாணையும் உடைத்துவிடும்.

இழுக்கும்போது வரும் கீறல்

கார்பன் அம்பு என்பது உள்ளே கூடான ஒரு குழாய். ரைசர் பெரும்பாலும் அலுமினியம். குழாய் உலோகத்தின் மேல் வழுக்கிப் போகும்போது உண்மையில் சீராக வழுக்குவதில்லை. ஒரு நொடி ஒட்டும், விடுபடும், மறுபடி ஒட்டும், விடுபடும். வினாடிக்குப் பல நூறு முறை இப்படி நடந்தால் அதுவே சத்தம். எண்ணெய் இல்லாத கதவுக் கீல் முனகுவதும் இப்படித்தான். இந்த நடுக்கம் சின்னதுதான், ஆனால் ஒரு பக்கம் குழாயும் மறு பக்கம் ரைசரும் அதை வாங்கிப் பெரிதாக்குகின்றன. வீணையில் தந்தி மட்டும் இருந்து குடம் இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்காது அல்லவா? இங்கே குடமாக வேலை செய்வது உங்கள் வில்.

ஆகவே செய்ய வேண்டியது, உலோகமும் கார்பனும் நேராகத் தொடாமல் நடுவில் ஒன்றை வைப்பது. அது மெல்லியதாகவும் வழுக்குவதாகவும் இருக்க வேண்டும். கம்பி வடிவ லாஞ்சருக்கு ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் அருமையாகப் பொருந்தும். மின்வேலை செய்பவர்கள் கம்பி இணைப்புகளின் மேல் போட்டுச் சூடு காட்டிச் சுருக்குவார்களே, அதேதான். தட்டையான லாஞ்சருக்கு மோல்ஸ்கின் நல்லது. நடந்து நடந்து காலில் கொப்புளம் வராமல் இருக்க ஒட்டிக்கொள்ளும், பின்பக்கம் பசையுள்ள மெல்லிய பருத்தித் துணி அது. வில்லாளிகள் ரொம்ப காலமாக அதைக் கையாண்டு வருகிறார்கள்.

ஸ்லீவ் போடுவதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் அவசரப்பட்டு வில்லைக் கெடுத்தவர்கள் உண்டு. லாஞ்சரை முதலில் ரெஸ்ட்டிலிருந்து கழற்றுங்கள். கழற்றும் முன் அது நிற்கும் உயரத்தையும் பக்கவாட்டு நிலையையும் பென்சிலால் குறித்து, ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஐசோப்ரோபில் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்துக் காயவிடுங்கள். கம்பியைவிடச் சற்றே பெரிய குறுக்களவுள்ள ஸ்லீவை எடுத்து, கம்பியின் நீளத்தைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக வெட்டி மாட்டுங்கள். அடியிலிருந்து நுனியை நோக்கி மெல்லச் சூடு காட்டினால் ஸ்லீவ் சுருங்கிக் கம்பியைக் கவ்விக்கொள்ளும். நுனியில் மிஞ்சி நிற்பதைச் சூடு இருக்கும்போதே விரலால் அல்ல, கரண்டியின் பின்பக்கத்தால் அழுத்தி மடக்கினால் எஃகு முனை வெளியே தெரியாது. சில ஸ்லீவ்களுக்கு ஹேர் டிரையரின் சூடு போதாது, ஹீட் கன் வேண்டியிருக்கும். இதற்காகத்தான் லாஞ்சரைக் கழற்றச் சொன்னது. இன்றைய நாண் இழைகளில் பலவும் 150 டிகிரிக்கு முன்பே உருகத் தொடங்கும் பாலிஎத்திலீன் வகை. நாணில் பூசிய மெழுகு அதற்கும் வெகு முன்னால் உருகிவிடும். ஹீட் கன்னின் காற்று அந்தச் சூட்டைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். வில்லில் மாட்டியபடியே சூடு காட்டினால் நாண் வெளியே தெரியாமல் பலமிழந்துவிடும்.

மோல்ஸ்கின் ஒட்டும்போது துணியின் இணைப்பு அம்பு உட்காரும் பள்ளத்தில் வராமல் அடிப்பக்கம் வரும்படி பாருங்கள். மூலைகளைக் கத்தரியால் வளைவாக வெட்டிவிட்டால் சீக்கிரம் உரிந்து வராது. ஒட்டிய பிறகு ஒரு நாள் அப்படியே விட்டால் பசை நன்றாகப் பிடிக்கும்.

தடித்த ஃபெல்ட்டை லாஞ்சரில் ஒட்டாதீர்கள். சத்தம் குறையும் என்று தோன்றும், குறையவும் செய்யும். ஆனால் அம்பு அதில் ஊஞ்சலாடும், உராய்வு கூடும், அம்பின் உயரமும் மாறிப்போகும்.

இதற்கெல்லாம் முன்னால், அம்பைத் துடைத்துப் பாருங்கள். நுரைப் பலகை இலக்குகளில் எய்யும்போது நுரை உருகி மெல்லிய படலமாகத் தண்டில் ஒட்டிக்கொள்ளும். பாதிக் கீறல் அந்தப் பிசுக்கிலிருந்து வருவதாகவும் இருக்கலாம். ஈரத்துணியில் போகாவிட்டால் அதே ஆல்கஹாலில் போய்விடும்.

அம்பு நழுவி விழும் ‘டிக்’

பித்தளைச் செம்பைச் சிமென்ட் தரையில் வைப்பதற்கும் மெத்தையில் வைப்பதற்கும் என்ன வித்தியாசமோ, அதுதான் இங்கும். கடினமான இரண்டு பொருள்கள் மோதினால் மோதல் கண நேரத்தில் முடிந்துவிடும். அதனால் சத்தம் கூர்மையாக, உச்ச சுருதியில் வரும். நடுவில் மெத்தென்று ஏதாவது இருந்தால் அதே மோதல் நீண்டு, மழுங்கி, ‘தொப்’ என்று அடங்கிவிடும். இங்கே தடித்த ஃபெல்ட் தாராளமாக ஒட்டலாம். வெல்க்ரோவின் மென்மையான பாதியும் பிரமாதமாக வேலை செய்யும். பின்னால் பசையோடு வரும் பட்டையாக வாங்கினால் வெட்டி ஒட்ட வேண்டியதுதான்.

எங்கே ஒட்டுவது? அம்பு விழக்கூடிய எல்லா இடத்திலும். அதைக் கண்டுபிடிக்க எனக்குப் பிடித்த வழி சாக்பீஸ். பயிற்சி முனை போட்ட அம்பின் தண்டில் சாக்பீஸைத் தேய்த்துவிடுங்கள். நாணை இழுக்காமல் அம்பை மாட்டி, ரெஸ்ட்டிலிருந்து வேண்டுமென்றே இடது பக்கம், வலது பக்கம், கீழே என்று உருட்டித் தள்ளுங்கள். அடுத்து அம்பை நாணிலிருந்து கழற்றிக் கையால் பின்னுக்கு நகர்த்தி, முழுதாக இழுத்தால் எங்கே இருக்குமோ அங்கே வைத்தும் அதேபோல் உருட்டுங்கள். ரைசரில் வெள்ளைக் கோடு விழுந்த இடமெல்லாம் துணி கேட்கும் இடம். பலரும் ஷெல்ஃப்பின் தரையில் மட்டும் ஒட்டிவிட்டுப் பக்கச் சுவரை விட்டுவிடுகிறார்கள். சாக்பீஸ் கோடு பெரும்பாலும் சுவரில்தான் முதலில் விழும்.

டிராப்-அவே இருந்தால் ஒரு எச்சரிக்கை. லாஞ்சர் விழுந்த பிறகு இறகுகள் கடந்து போக இடம் வேண்டும். ஷெல்ஃப்பில் போடும் துணி அந்த இடத்தை அடைக்கக் கூடாது.

துணி ஒட்டுவது விழும் சத்தத்தைக் குறைக்கும். அம்பு ஏன் விழுகிறது என்பது வேறு கேள்வி, அதையும் கேட்டே ஆக வேண்டும். நான் பார்த்தவரை அடிக்கடி வரும் காரணம், வில் ஆளுக்கு மீறிய கனமாக இருப்பது. காம்பவுண்ட் வில்லில் இழுவை தொடக்கத்தில் ஏறி, உச்சம் தொட்டு, கடைசியில் சட்டென்று மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். உச்சத்தைத் தாண்டத் தம் கட்டி இழுக்கிறவர், பாரம் திடீரென்று விட்டுப் போனதும் பின்னால் போய் முட்டுவார். அந்த உதறலில் அம்பு குதித்துவிடும். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, வில்லை இலக்குக்கு நேராக நீட்டி, மேலே தூக்கி ஆட்டாமல் நாணை மெதுவாக இழுக்க முடிகிறதா பாருங்கள். முடியவில்லை என்றால் இழுவையைக் குறைத்துக்கொள்வதில் வெட்கம் ஏதும் இல்லை. குறைத்த பிறகு சத்தமும் குறையும், குறியும் நேராகும்.

இரண்டாவது காரணம் கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பது. விரல்கள் இறுகினால் ரைசர் பக்கவாட்டில் முறுகும், அம்பு தன் பள்ளத்தை விட்டு ஏறும். மூன்றாவது, அம்பின் பின்முனைப் பிளவை, இழுப்பதற்காக நாணில் கட்டியிருக்கும் சிறு வளையத்தின் முடிச்சுகள் மேலும் கீழும் நெருக்குவது. முழுதாக இழுக்கும்போது நாண் கோணம் கூர்மையாகி, அந்த முடிச்சுகள் பிளவைக் கிள்ளும். அம்பின் முன்முனை தானாக மேலே எழும்பினால் இதைச் சந்தேகப்படுங்கள். அம்பு மாட்டியிருக்கும்போது முடிச்சுகளுக்கு நடுவே ஒரு தாள் நுழையும் அளவாவது இடைவெளி விடுங்கள்.

டிராப்-அவே: விட்டதும் ஒரு ‘டக்’

இதன் வேலையைக் கொஞ்சம் புரிந்துகொண்டால்தான் சத்தத்தைப் பிடிக்க முடியும். டிராப்-அவேயில் ஒரு மெல்லிய கயிறு இருக்கும். ஒரு வகையில் அந்தக் கயிறு, நாணை இழுக்கும்போது கீழ்நோக்கிப் போகும் கேபிளில் கட்டியிருக்கும். கேபிள் கயிற்றை இழுக்க, லாஞ்சர் எழும். விட்டதும் கயிறு தளர, ஸ்பிரிங் லாஞ்சரைக் கீழே தள்ளும். இன்னொரு வகையில் கயிறு லிம்ப்பில் கட்டியிருக்கும், இது தலைகீழ். சும்மா இருக்கும்போது கயிறு லாஞ்சரைக் கீழே பிடித்து வைத்திருக்கும். இழுக்கும்போது லிம்ப் வளைந்து கயிறு தளர, ஸ்பிரிங் லாஞ்சரை மேலே தூக்கும். விட்டதும் லிம்ப் நிமிர்ந்து அதைக் கீழே இழுத்துவிடும்.

எந்த வகையானாலும் லாஞ்சர் கீழே வேகமாக வந்து எதிலோ மோதி நிற்கிறது. அந்த நிறுத்தத்தில் ரப்பர் இருந்தால் ‘தொப்’, தேய்ந்து போயிருந்தால் ‘டக்’. சில மலிவான ரெஸ்ட்களில் லாஞ்சர் நேராக ஷெல்ஃப்பிலேயே விழும். அங்கே ஒரு சதுரம் தடித்த ஃபெல்ட் ஒட்டிவிட்டால் பெரும்பகுதி தீர்ந்தது. ஆனால் ரொம்ப துள்ளலான ரப்பரை ஒட்டக் கூடாது. லாஞ்சர் பந்து மாதிரி எம்பி, கடந்து போகும் இறகில் தட்டும். அம்பும் திசை மாறும். ஃபெல்ட், சொதசொதப்பான ரப்பர் மாதிரி அடியை வாங்கி விழுங்கிவிடும் பொருள்தான் இங்கே சரி.

எம்புகிறதா என்று கண்ணால் பார்க்க முடியாது. நாணை விட்ட கணத்திலிருந்து அம்பு நாணை விட்டுப் பிரியும் வரை வினாடியில் நூறில் ஒன்றரைப் பங்குதான் ஆகிறது. கைபேசியில் வினாடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோ மோஷன் இருந்தால் அந்த நேரத்துக்குள் மூன்று நான்கு படம் கிடைக்கும். அதற்குப் பின் லாஞ்சர் எம்பி ஆடுவது நன்றாகவே தெரியும். கைபேசியை முக்காலியில், வில்லுக்கு நேர் பக்கவாட்டில் வையுங்கள். வில்லுக்கு முன்னால் எந்தக் காரணத்துக்காகவும் ஆளோ கைபேசியோ நிற்கக் கூடாது.

கயிற்றின் நீளத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். கேபிள் வகையில் கயிறு ரொம்ப இறுக்கமாக இருந்தால் லாஞ்சர் இழுவையின் பாதியிலேயே ‘டப்’ என்று எழுந்து அம்பைத் தட்டும். அதன் பிறகும் கேபிள் இழுத்துக்கொண்டே இருப்பதால் கயிறு விண்ணென்று நிற்கும். ரொம்பத் தளர்ந்திருந்தால் லாஞ்சர் முழுதாக எழாது, அம்பு தள்ளாடும். பொதுவாக இழுவையின் கடைசிச் சில சென்டிமீட்டரில் லாஞ்சர் மெதுவாக எழுந்து முடிய வேண்டும். சரியான அளவு ரெஸ்ட்டுக்கு ரெஸ்ட் மாறும் என்பதால், கூடவே வந்த கையேட்டில் சொன்னபடி வையுங்கள். கட்டியது போக மிஞ்சிய கயிற்றின் வால் நீளமாகத் தொங்கினால் அதுவும் ரைசரில் அடிக்கும். குட்டையாக வெட்டிவிடுங்கள்.

சில டிராப்-அவேக்களில் லாஞ்சரைக் கட்டைவிரலால் தூக்கி நிறுத்திப் பூட்ட வேண்டும். அந்த ‘கிளிக்’கை எந்தத் துணியும் முழுதாக அடக்காது. இடத்தில் போய் உட்கார்ந்ததும், விலங்கு வருவதற்கு வெகு முன்பே, விரலால் தாங்கியபடி மெல்லப் பூட்டி வைத்துவிடுங்கள்.

தூரிகை ரெஸ்ட்டும் மர வில்லும்

தூரிகை வகையில் அம்பு விழவே விழாது. புதிதாகத் தொடங்குபவருக்கு நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான். சத்தம் என்று பார்த்தால், இழுக்கும்போது முடிகள் தண்டில் உரசும் ஒரு சீறல் மட்டும் உண்டு. மெதுவாக, நேர்கோட்டில் இழுத்தால் அது வெகுவாக அடங்கும். தண்டு சுத்தமாக இருக்கட்டும். முடிகளில் ஈரம் உறைந்து பனிக்கட்டியானால் மட்டும் இது பொல்லாத சத்தம் போடும். அத்தகைய குளிரில் போகிறவர்கள் காத்திருக்கும்போது அவ்வப்போது விரலால் தட்டி உதிர்க்க வேண்டும். அடிப்பக்கத்து முடிகள் தேய்ந்து சாய்ந்துவிட்டால் மாற்றிவிடுங்கள்.

மர வில்லில் ஷெல்ஃப்பின் மேல் மெல்லிய தோலோ, குட்டை முடியுள்ள தோலோ, வெல்க்ரோவின் மென்பாதியோ ஒட்டுவார்கள். இதில் பழைய கைகள் செய்யும் ஒரு நுணுக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கைப்பிடியின் ஆழமான பள்ளத்துக்கு நேர் மேலே, தோலுக்கு அடியில் ஒரு பல்குத்தும் குச்சியைக் குறுக்காக வைத்து ஒட்டிவிடுவார்கள். தோல் அங்கே மட்டும் மெல்லிய மேடாக எழும். அம்பு ஷெல்ஃப் முழுவதும் படுத்துத் தேயாமல் அந்த ஒரு முகட்டில் மட்டும் தொட்டுச் செல்லும். உரசும் நீளம் குறைந்ததும் சத்தமும் குறைகிறது. இப்படி ஷெல்ஃப்பிலிருந்து எய்வதற்குப் பிளாஸ்டிக் இறகு ஆகாது, பறவை இறகுதான் தட்டும்போது மடங்கிக் கொடுக்கும்.

தளர்ந்த திருகுகள்

விட்ட பின் ரீங்காரம் கேட்டால், வில்லை லேசாகப் பிடித்துக்கொண்டு, கீழ் லிம்ப்பை உள்ளங்கையால் மெல்லத் தட்டுங்கள். காதை ரெஸ்ட்டுக்கு அருகில் வையுங்கள். கிலுகிலுத்தால், ரெஸ்ட்டின் பாகங்களை ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபடி தட்டுங்கள். எதைப் பிடித்தால் சத்தம் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. அந்தத் திருகைக் கழற்றி, துடைத்து, நீல நிறத் திருகுப்பசை ஒரு சொட்டு விட்டு மாட்டினால் போதும். சிவப்புப் பசை வேண்டாம். பின்னால் கழற்றச் சூடு காட்ட வேண்டியிருக்கும். ஆலன் கீயைப் போட்டுப் பலம் கொண்டமட்டும் முறுக்கவும் வேண்டாம், அலுமினியத்தில் மரை சுலபமாக அழிந்துவிடும்.

ரொம்ப லேசான அம்பு எய்தாலும் வில் அதிகம் அதிரும். அம்பு எடுத்துக்கொள்ளாத சக்தி வில்லிலேயே தங்கி, ரெஸ்ட்டின் ஒவ்வொரு திருகையும் உலுக்கும். இழுவை 60 பவுண்டு உள்ள வில்லில் 300 கிரெய்ன் அம்பு எய்கிறவர் 420 கிரெய்னுக்கு மாறினால் வித்தியாசத்தைத் தன் காதாலேயே கேட்கலாம். கிரெய்ன் கணக்கு பழக்கமில்லாதவர்களுக்கு, அது ஏறக்குறைய 19 கிராமிலிருந்து 27 கிராமுக்கு ஏறுவது.

எல்லாம் ஒட்டி முடித்த பிறகு

லாஞ்சரில் அரை மில்லிமீட்டர் தடிமன் ஏற்றினாலும் அம்பு அந்த அளவுக்கு உயர்ந்து உட்காரும். அதனால் குறித்து வைத்த உயரத்தோடு ஒப்பிட்டு ரெஸ்ட்டைக் கீழே இறக்குங்கள். இரண்டு மீட்டர் தூரத்தில் ஒரு தாளை விறைப்பாகக் கட்டி, பின்னால் இலக்கை வைத்து எய்து பாருங்கள். முனை போன ஓட்டையும் இறகுகள் கிழித்த கீறல்களும் ஒரே இடத்தில் கூடியிருந்தால் சரி. மேலும் கீழுமாகப் பிரிந்து கிழிந்திருந்தால் உயரத்தைத் திருத்துங்கள். லாஞ்சரிலும் ஒட்டிய துணியிலும் கொஞ்சம் முகப்பவுடரைத் தூவி ஒரு அம்பு எய்தால், இறகு எங்காவது தொட்டிருந்தால் பவுடரில் தடம் விழுந்திருக்கும்.

மழையில் நனைந்த ஃபெல்ட் உப்பும், குளிரில் உறைந்தால் கல்லாகும். மோல்ஸ்கின் தேயத் தேயப் பளபளப்பேறித் தட்டையாகும். இரண்டில் எதைக் கண்டாலும் உரித்துவிட்டுப் புதிது ஒட்டுங்கள். சாக்பீஸ் கோடுகளை வைத்து ஒரு முறை அளவெடுத்து வெட்டியதும், அதே வடிவில் இன்னொரு ஜோடி வெட்டி, பசைத்தாள் உரிக்காமல் பையின் உள்பக்கம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். காட்டுக்குள் போன பிறகு ஒரு மூலை உரிந்தால், ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடலாம்.